தேங்காய்ப் புரதத்தின் உருவம்

நுரைச்சோலையின் மணற்றரையிற் பதித்த நெற்றுத் தேங்காய் முளைக்குங்கால், வேரூன்றும்வரை கன்றைப் பேணுவது ஓட்டினுள் இருக்கும் பருப்பே. அதில் எண்ணெயோடு புரதமும் சேமிக்கப்பட்டுள்ளது. கன்றுக்கென அமைந்த அவ்வுணவு மனிதருட் சிலருக்கு மாத்திரம் தடிப்பையும் மூச்சுத்திணறலையும் விளைவிப்பது ஏன்? வித்துக்கள் பலவற்றைக் குறித்தும் எழுந்த இவ்வினாவுக்கு விடைகாண ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

அமெரிக்க இரசாயன அறிஞர் தோமஸ் ஒஸ்போண் வித்துப் புரதங்களைக் கரையுந் தன்மையால் வகுத்தார். நீரிற் கரைவன அல்புமின்கள், உப்புநீரிற் கரைவன குளோபுலின்கள், மதுசாரத்திற் கரைவன புரோலமின்கள், எஞ்சியவை குளூற்றலின்கள். இப்பாகுபாடு இன்றும் வழக்கொழியவில்லை. 1911 முதல் அவரும் வெல்ஸ் என்பாரும் இப்புரதங்களைக் கினிப்பன்றிகளின் உடலிற் செலுத்திச் சோதித்தனர். முதன்முறை தீங்கின்றி ஏற்ற விலங்கு, சில வாரங்களின் பின் அதே புரதத்தைப் பெற்றதும் அதிர்ச்சியுற்று வீழ்ந்தது. ஆய்வுகூடத்துக் குடுவை பிரித்தறிய இயலாத நுண்ணிய வேறுபாட்டையும் விலங்கின் உடல் உணர்ந்துகொண்டது! எவ்வடையாளங்கொண்டு உணர்ந்ததென்பதே புலப்படவில்லை. 1919இல் தேங்காயின் குளோபுலினும் பிரித்தெடுக்கப்பட்டது. ஆயினும் அதன் உருவத்தை எவரும் கண்டிலர்.

உருவத்தைக் காட்டியது எக்ஸ் கதிர். 1934இல் பேர்னாலும் டொரத்தி குரோபுட்டும் பெப்சின் பளிங்கின்மீது அக்கதிரைச் செலுத்திப் படம் பெற்றனர். இத்துறைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த கொடை பெரிது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் உள்ள இரு கோணங்கள், அணுக்கள் ஒன்றோடொன்று மோதாவண்ணம் எவ்வளவு திரும்பலாம் என்பதைக் கணக்கிட்டு வரைபடமாக்கினர். எந்நாட்டார் எப்புரதத்தின் உருவத்தை வெளியிடினும் அவ்வரைபடத்திற் பொருத்திப் பார்த்தே அதன் செம்மையை மதிக்கின்றனர்.

1990இல் அவரையினத்துப் பசியோலினின் உருவம் வெளிப்பட்டது. ஒவ்வோர் அலகிலும் சிறு பீப்பாய் போன்ற இரு மடிப்புகள். அத்தகைய மூன்று அலகுகள் கூடி ஒரு தட்டாகும். கச்சானில் ஒவ்வாமை தரும் புரதங்களுள் ஒன்றன் உருவம் 2009இலும் வேறொன்றன் உருவம் 2011இலும் வெளிவந்தன. அவற்றிலும் அதே பீப்பாய் மடிப்பு! 2017இல் தேங்காயின் கொக்கோசினும் அவ்வாறே காணப்பட்டது. இருதட்டுகள் ஒன்றன்மேலொன்று பொருந்தி ஆறு அலகாய் நின்றது.

அவ்வாறாயின் கச்சான் ஒவ்வாதவர் அனைவருக்கும் தேங்காயும் ஒவ்வாதென அஞ்சலாமோ? அனுபவம் அவ்வாறு காட்டவில்லை. அவருட் பெரும்பாலோர் தேங்காயை இடரின்றி உண்கின்றனர். நோயாளியின் பிறபொருளெதிரி பற்றிக்கொள்வது மடிப்பின் பொதுவமைப்பையன்று, அதன் புறத்தேயுள்ள சிறுசிறு பகுதிகளையே. கட்டடம் ஒன்றாயினும் முகப்பு வேறு.

இவ்வேறுபாடு ஆய்வுகூடத்துக்குரிய செய்தி மாத்திரமன்று. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், முதன்மையான ஒவ்வாமைப் பொருளாகிய மரக்கொட்டைகளின் வரிசையிலே தேங்காயையும் நெடுநாள் வைத்திருந்தது. நம் தென்னை முக்கோணத்திலிருந்து செல்லும் தேங்காய்த்துருவலும் அந்நாட்டில் அவ்வெச்சரிக்கையைத் தாங்கவேண்டியதாயிற்று. 2025 சனவரியில் அவ்வரிசையினின்று தேங்காய் நீக்கப்பட்டது. எனினும் உள்ளடக்கப் பட்டியலிலே தேங்காயின் பெயர் இடம்பெறவே வேண்டும். தேங்காயே ஒவ்வாதவர் தொகையிற் சிலராயினும் உளர்.