அஞ்சடிப் பேச்சும் திரைப்பொறியும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களை இன்று லிட்டில் இந்தியா என்பர். அக்கடைகளின் முன்னே ஓடும் அஞ்சடி வெறும் நடைபாதையன்று. நெடுங்காலம் தமிழரின் செய்தி மன்றமாகவும் விளங்கிற்று. 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்', 1935இல் தோன்றிய 'தமிழ் முரசு' முதலிய ஏடுகளை எழுத்தறிந்தார் ஒருவர் உரக்கப் படிப்பார். ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பர். 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. பினாங்கில் வந்திறங்கியபோது வரவேற்றோரும் இருந்தனர், வெகுண்டோரும் இருந்தனர். ஆயினும் இரு சாராரும் வாதிட்டது ஒரே செய்தியைக் குறித்தே.

2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் 'இண்ட்ராப்' பேரணி நிகழ்ந்தது. கைப்பேசிக் குறுஞ்செய்தியும் இணையமும் அதற்கு ஆள் திரட்டின. 2008 மார்ச் 8ஆம் நாள் தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. பினாங்குச் சட்டமன்றத்தின் 40 இடங்களுள் 29 எதிர்க்கட்சிகள் வசமாயின. பேராசிரியர் ப. இராமசாமி துணை முதல்வரானார். இணையத்தை அசட்டை செய்தது பெரும்பிழையென அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவியே ஒப்புக்கொண்டார். எனினும் குறுஞ்செய்தியை அனுப்பியவர் பெரும்பாலும் உறவினர் அல்லது நண்பர். ஐயம் எழுந்தால் அவரையே கேட்கலாம்.

பின்னர் வந்த மாற்றமே பெரிது. செய்தியைத் தேர்ந்து தருவது மனிதன் என்ற நிலை மாறிற்று. 2017இல் முகநூல் நிறுவனம் தன் கணிப்புமுறையில் ஒரு சினக்குறிக்கு ஐந்து விருப்பக்குறிகளின் மதிப்பளித்தது. சினமூட்டும் பதிவு முந்திச் செல்ல இது வழிகோலியது. பின்னாளில் நிறுவனமே அதைக் குறைத்துக்கொண்டது. டிக்டாக்கோ ஒருவர் எதை எத்தனை நொடி பார்த்தார் என்பதையும் கணக்கிட்டு அடுத்த காட்சியை அனுப்புகிறது. கூட்டத்தின் முகம் பார்த்துப் பேச்சை மாற்றும் மேடைப் பேச்சாளரின் பழைய உத்தியே இது. ஆனால் இப்பேச்சாளர் ஒவ்வொருவர் காதிலும் வெவ்வேறாகப் பேசுகிறார்.

2022 நவம்பர் 19ஆம் நாள் பொதுத்தேர்தலில் 18 வயதினர் முதன்முறையாக வாக்களித்தனர். பாஸ் கட்சி 43 நாடாளுமன்ற இடங்களுடன் தனிப்பெரும் கட்சியாயிற்று. 2023 ஆகஸ்டில் அதன் கூட்டணி பினாங்கிலும் 11 சட்டமன்ற இடங்களைப் பெற்றது. இதற்குக் குறுங்காணொளிகளே காரணம் என்பது மிகைக்கூற்று. ஊழல் வழக்குகளும் விலைவாசியும் கூடவே நின்றன.

ஆனால் 2022 தேர்தல் முடிந்த நாள்களில் 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி அச்சுறுத்தும் காணொளிகள் டிக்டாக்கில் பரவியதை எவரும் மறுக்கவில்லை. காவல்துறை எச்சரித்தது, நிறுவனமும் தன் விதிகளை மீறிய காணொளிகளை நீக்கியதாக அறிவித்தது. அதற்குள் அவை எந்தெந்த வீட்டு இளைஞரின் கைப்பேசியில் ஓடி முடிந்தன என்பதை அஞ்சடியில் நின்ற எவராலும் அறிய இயலவில்லை.