அடியிலும் ஒட்டணும்



ஓய்வு பெற்றதும் ஒரு மேசை செய்யச் சொன்னேன். சாதாரணப் பலகை மேல் தேக்கு வினீர். "அடிப்பக்கமும் ஒட்டணும் சார்" என்றார் ஆசாரி. "அடியை யாரு பாக்கப் போறாங்க?" என்று காசை மிச்சம் பிடித்தேன். இரண்டே மாதத்தில் ஓரம் தூக்கி, நடு பள்ளமானது. பழியை அவர் மேல் போட்டேன்.

பிரமிடு பற்றி உங்களுக்கு எவ்வளவோ நடத்தியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை. எகிப்தில் சக்காரா என்ற ஊர். ஜோசர் மன்னரின் படிப் பிரமிடுக்கு அடியில் ஒரு மரச் சவப்பெட்டி கிடைத்தது. 4,600 ஆண்டுப் பழசு. பக்கப் பலகையில் ஆறு அடுக்கு, ஒவ்வொன்றும் சுமார் 4 மில்லிமீட்டர், சிறு மரமுளைகளால் இறுக்கியது. ஓர் அடுக்கின் ரேகை நெடுக்கில் ஓடினால் அடுத்தது குறுக்கில்!

மரம் ஈரத்தில் ரேகைக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரியும், காய்ந்தால் சுருங்கும். அடுக்கை மாற்றி வைத்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். வினீரும் பசை ஈரத்தில் விரிந்து, காயும்போது சுருங்கிப் பலகையை இழுக்கும். அடியிலும் அதே இழுப்பு இருந்தால்தான் பலகை நேராக நிற்கும். ஆசாரி சொன்னது அதைத்தான்.

போன வாரம் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, "இந்தத் தடவை ரெண்டு பக்கத்துக்கும் காசு குடுப்பீங்கல்ல சார்?" என்றார்.