கை மாறிய கற்பனைக் கதைகள்

பறக்குங் குதிரை, பேசும் பறவை, கடல் நடுவே மாயத் தீவு என்று விரியும் கதைகளைக் கண்டால் அறிஞர் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. இவை வீண் பொழுதுபோக்கு என்றும், மூட நம்பிக்கைக்கு வித்து என்றும் அவர் குறை கூறுவர். அக்குறை முழுதும் பொய்யன்று. கதையை நடந்த செய்தியென்று நம்புவோன் ஏமாறத்தான் செய்வான். ஆயின், கதையைக் கதையென்றே அறிந்து சுவைத்து, "இதனை நீயும் படித்துப் பார்" என்று அயலான் கையிற் கொடுப்பவன் வேறு வகையினன். அவனால் கல்வி பரவுகின்றது. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிங்கப்பூரின் சரித்திரமே போதும்.

முதற் சான்று முன்ஷி அப்துல்லா. அரபு இரத்தமும் தமிழ் இரத்தமும் கலந்த குடும்பத்தில் மலாக்காவிற் பிறந்து, ராபிள்ஸிடம் எழுத்தராகவும் பின்னர்ச் சிங்கப்பூரில் மொழியாசிரியராகவும் விளங்கிய இவர், இளமையிலேயே தமிழ் கற்றவர். மலாக்காவில் இந்திய வணிகர் மிகுந்திருந்தமையால், கணக்குக்கும் பேச்சுக்கும் பயன்படுமென்று நற்குடும்பத்தார் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வந்தனர் என்பதை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கின்றார். கணக்குக்காகக் கற்ற மொழி அவருக்குக் கதைச் செல்வத்தையும் காட்டிற்று. 1835ஆம் ஆண்டில் அவர் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். சிங்கமும் எருதும் நட்புக் கொள்வதும், காக்கையும் ஆந்தையும் போர் தொடுப்பதும் உண்மையில் நிகழ்ந்தனவென்று நம்புவார் யாருமில்லர். ஆயினும் அக்கற்பனைக்குள்ளே நட்பும் வஞ்சகமும் ஆட்சி முறையும் பாடமாக அமைந்துள்ளன. தமிழிற் கிடைத்த இன்பத்தை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளாது, அயல் மொழியார்க்கும் எடுத்துக் கொடுத்தார்.

அம்மொழியாரும் கதை விருப்பிற் குறைந்தவரல்லர். ஹிக்காயத் எனப்படும், வீரமும் விந்தையுங் கலந்த நெடுங்கதைகளை மலாய் மக்கள் பெரிதும் விரும்பினர். கையெழுத்துப் பிரதிகள் எளிதிற் கிடையா; ஆதலின் அவற்றை வாடகைக்கு வாங்கிப் படிக்கும் வழக்கம் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியா நகரில், முகம்மது பாக்கிர் என்பவர் தாமே கதைகளை எழுதியும் படியெடுத்தும், நாளொன்றுக்குப் பத்துக் காசு வாடகைக்குக் கொடுத்து வந்தார். ஏட்டின்மேல் வெற்றிலைச் சாறு படாமற் காக்கும்படி படிப்போரை அவர் எழுத்திலேயே வேண்டிக்கொண்டார். அந்த ஏடுகள் எத்தனை வீட்டுத் திண்ணைகளுக்குச் சென்று மீண்டிருக்கும் என்பதை இவ்வொரு வேண்டுகோளே உணர்த்தும். சிங்கப்பூரிலோ, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கம்போங் கிளாமிலே கல்லச்சுக் கூடங்கள் தோன்றி இத்தகைய கதைகளை அச்சிட்டுப் பரப்பின. சிராங்கூன் சாலைத் தமிழருக்கு அது நடந்து செல்லுந் தூரம்.

தமிழரும் வாளா இருந்தாரல்லர். 1887ஆம் ஆண்டில் மகுதூம் சாயபு சிங்கை நேசன் என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டில் அதில் வெளிவந்த அவருடைய விநோத சம்பாஷணை, இந்நகரத் தமிழ்ப் புனைகதைக்கு முன்னோடியென்று எண்ணப்படுவதுண்டு. தாயகத்திலே விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராசன் கதையும் பெரிய எழுத்துப் பதிப்புக்களாக அச்சேறின. எழுத்துக் கூட்டிப் படிப்போனுக்கும், மங்கிய விளக்கொளியில் உரக்கப் படிப்போனுக்கும் அப்பெரிய எழுத்துத் துணை செய்தது. எழுத்தறிந்தவன் ஒருவன் படிக்கப் பதின்மர் சூழ்ந்திருந்து கேட்பது நம்மவர் பழைய வழக்கம். வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு வினா எழுப்புகின்றது. அதற்கு விடை யாதென்று கேட்போரும் ஆராயத் தலைப்படுவர். கேள்வி கேட்கத் தூண்டும் கதையை மூடத்தனத்தின் வித்தென்று தள்ளுவது எங்ஙனம் பொருந்தும்?

இனி, பொதுப் புத்தகசாலையின் கதையைக் காண்போம். 1845ஆம் ஆண்டிலே இங்கு ஒரு நூலகம் திறக்கப்பட்டது. அது பங்குதாரரும் சந்தாதாரரும் புழங்கிய இடம். அதன் நூல்களும் பெரும்பாலும் ஆங்கில நூல்களே. கூலிக்கு உழைத்த தமிழனுக்கு அங்கே இடமேது? அவன் வரையில் நூலகம் என்பது கதைப் புத்தகம் வைத்திருந்த தோழன் ஒருவனே. 1953ஆம் ஆண்டில் லீ கோங் சியான் என்னும் சீன வணிகப் பெருமகனார் 3,75,000 வெள்ளி வழங்க முன்வந்தார். நூலகம் கட்டணமின்றி அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். இந்நாட்டு மக்களின் தாய்மொழி நூல்களும் அங்கே இருத்தல் வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். அவ்வாறே ஸ்டாம்போர்டு சாலையில் எழுந்த தேசிய நூலகம் 1960ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திறக்கப்பட்டது. தோழர் இருவரிடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல் அன்று அரசாங்கத்தின் கடமையாயிற்று.

நூலகம் அலமாரியைத் தரும். ஆவலைத் தருவது மனிதனே. அங் மோ கியோ நூலகத்தில் வாசகர் வட்டத்தினர் பல்லாண்டுகள் கூடி, தாம் படித்த நூல்களைப் பற்றிப் பேசியது இக்கருத்துப் பற்றியே. அத்தகைய பேச்சுக்கு இன்று முன்னிலும் தேவை மிகுந்துள்ளது. சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு 3.3, 2020இல் அது 2.5 ஆகக் குறைந்தது. "தமிழ் படி" என்று அதட்டினால் பிள்ளை படிப்பதில்லை. அதே பிள்ளை ஹாரி பாட்டரின் மந்திரப் பள்ளியைத் தேடி ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கடந்து செல்கின்றது. அதன் ஆவல் மாயத்தின்பாலது. அவ்வாவலைத் தமிழின் பக்கந் திருப்ப வல்லவர் நாமன்றோ?

அதற்குத் தமிழில் நூல் இல்லாமற் போகவில்லை. மணிமேகலைக் கதையை எடுத்துக்கொள்க. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரம் அதிலே வருகின்றது. அதனை முன்னர் வைத்திருந்த ஆபுத்திரன், பசியால் வாடுவோருக்கு உணவளிக்கச் சாவக நாட்டுக்குக் கப்பலேறினான். அச்சாவகம் சிங்கப்பூருக்குத் தெற்கே கிடக்கும் ஜாவாவே என்று அறிஞர் கொள்வர். பின்பு அப்பாத்திரத்தைப் பெற்ற மணிமேகலை அதனைக் கொண்டு ஏழையரின் பசி தீர்த்தாள்; அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். இவ்விந்தைக் கதையினும் சீர்திருத்தம் நிறைந்த கதை எது?

நண்பர்களே! தோட்டத்திலிருப்பினும் பட்டினத்திலிருப்பினும், படித்து முடித்த கதைப் புத்தகத்தைப் பெட்டியிற் பூட்டாதீர். இவ்வாரமே ஒரு சிறுவனையோ சிறுமியையோ அழைத்து, முதல் அத்தியாயத்தைச் சுவையாகச் சொல்லிப் பாதியில் நிறுத்தி, புத்தகத்தைக் கையிற் கொடுங்கள். எஞ்சிய பகுதியை அப்பிள்ளை தானே படித்துக்கொள்ளும்.