ஒரு சட்டிக் கறியின் வரலாறு
மலாக்காத் தமிழர் அடுப்பும் அவசரச் சமையலும்

இறைச்சியைப் பொடியாகக் கொத்தி, கைக்குக் கிடைத்த காய்களை நறுக்கி, இரண்டையும் ஒரே சட்டியில் வதக்கி, அரை மணி நேரத்தில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. மேலைநாட்டு வீடுகளில் இதற்குப் பெரும்பாலும் மாட்டிறைச்சியே பயன்படும். ஆடும் கோழியும் மீனும் இட்டு இதே முறையில் சமைக்கும் வீடுகள் நம்மிடையே பல. ஆயினும் இதை ‘அவசர யுகத்தின் சமையல்’ என்று குறைத்துப் பேசுவோர் இருக்கின்றனர். நம் பாட்டிமார் பொறுமையாக அம்மியில் அரைத்து நான்கு வகைக் கறி சமைத்தனர் என்றும், நாமோ எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிக் கிளறுகிறோம் என்றும் அவர்கள் வருந்துவதுண்டு.

இந்த வருத்தத்தில் உண்மை எவ்வளவு? மலாக்கா மாநிலத்துத் துறைமுக நகரையும் தோட்டப்புறங்களையும் வைத்து இதனை ஆராய்ந்தால் வேறொரு விடை கிடைக்கிறது. ஒரு சட்டிச் சாப்பாடு நேற்று வந்த நாகரிகமன்று. கூலிக்கு உழைத்தவர்களின் கடிகாரமும், கடையில் கிடைத்த சரக்கும், அரசாங்கம் இட்ட சட்டமும் சேர்ந்து உருவாக்கிய பழைய உணவு அது.

சொற்கள் கூறும் செய்தி

முதலில் சொற்களைப் பார்ப்போம். ‘கறி’ என்ற தமிழ்ச் சொல் பழங்காலத்தில் மிளகைக் குறித்தது. மிளகு சேர்த்துச் சமைத்த தொடுகறிக்கும் அதுவே பெயராயிற்று. இன்று பேச்சு வழக்கில் ‘கறி’ என்றால் இறைச்சி. ‘காய்கறி’ என்றாலோ மரக்கறி. இறைச்சியையும் காயையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிய மொழி நம்முடையது. மலாய் மொழியில் அது ‘காரி’ என வழங்குகிறது. ஆங்கிலத்திலும் சென்று சேர்ந்தது. கடையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான ‘கெடாய்’ நம் ‘கடை’யே. சமைத்த பொருளின் பெயரும் அதை வாங்கிய இடத்தின் பெயரும் தமிழிலிருந்து மலாய்க்குச் சென்றிருப்பது இவ்விரு மக்களின் பழைய உறவுக்குச் சான்று.

கொத்திய இறைச்சிக்கு நாம் வழங்கும் ‘கைமா’ என்ற சொல் தமிழன்று. பொடியாக நறுக்குதல் என்னும் பொருளுடைய துருக்கிய வினைச்சொல்லிலிருந்து பிறந்து, பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. ‘கொத்துக்கறி’ என்பது நம் சொந்தப் பெயர்.

மலாக்காவில் கொத்திறைச்சிக்கு வேறொரு பெயரும் உண்டு. உருளைக்கிழங்கை மசித்து, கொத்திறைச்சி சேர்த்து, தட்டிப் பொரிக்கும் ‘பெர்கெடில்’ இங்குள்ள கடைகளில் யாவரும் அறிந்தது. இச்சொல் ‘ஃபிரிகாடெல்’ என்னும் டச்சுச் சொல்லின் திரிபு. குழம்பாக வேகவைத்த இறைச்சியைக் குறிக்கும் ‘செமுர்’ என்பதும் டச்சு மொழியிலிருந்து வந்ததே. மலாக்கா 1511-இல் போர்த்துக்கீசியர் கைக்கும், 1641-இல் டச்சுக்காரர் கைக்கும், 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நிலையாக ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. ஆட்சிகள் போய்விட்டன, அவற்றின் சமையற் சொற்கள் தங்கிவிட்டன.

உண்பாரும் விலக்குவாரும்

ஒரே ஊரில் வாழ்ந்தாலும் எல்லோர் சட்டியிலும் ஒரே இறைச்சி வேகவில்லை. மலாக்காச் செட்டிகள் தமிழகத்திலிருந்து வந்த பழைய வணிகர்களின் வழித்தோன்றல்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்து, மலாய் மொழியைத் தாய்மொழியாக ஏற்றவர்கள். எனினும் சைவ நெறியை விடவில்லை. 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் அவர்களுடையது. காஜா பேராங்கில் வாழும் இம்மக்கள் பெலாச்சானும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சமைப்பர். முன்னோருக்குப் ‘பார்ச்சு’ என்னும் படையலை வாழையிலையில் இடுவர். மாட்டிறைச்சியை மட்டும் தொடுவதில்லை. நாக்கு மலாய் பேசினாலும் அடுப்பு சைவரின் எல்லையைக் காத்தது.

தமிழ் முஸ்லிம்களின் வழி வேறு. தமிழகத்துக் கரையோர ஊர்களிலிருந்தும் கடையநல்லூர் முதலிய ஊர்களிலிருந்தும் மலாயாவுக்கு வந்தவர்கள் சாப்பாட்டுக் கடைகள் நடத்தினர். அவர்கள் புகழ்பெறச் செய்த பண்டம் முர்தபாக். மெல்லிய மாவுத்தாளில் கொத்திறைச்சி, வெங்காயம், முட்டை ஆகியவற்றை இட்டு, தட்டையான இரும்புக் கல்லில் மடித்துச் சுடுவது அது. பெயருக்கு அரபு மொழியில் ‘மடித்தது’ என்பது பொருள். மாவும் இறைச்சியும் காயும் முட்டையும் ஒரே கல்லில் சில நிமிடங்களில் வெந்து தட்டுக்கு வந்துவிடுகின்றன. மேலைநாட்டார் இன்று போற்றும் ஒரு சட்டிச் சாப்பாட்டுக்கு நம்மவர் கடையில் இருந்த உறவுமுறை இதுவே.

உஜோங் பாசீரில் வாழும் போர்த்துக்கீசிய வழியினரோ, கிறிஸ்துமஸ் விருந்தில் எஞ்சிய இறைச்சிகளையெல்லாம் மறுநாள் மிளகாயும் கடுகும் காடியும் சேர்த்து ஒரே சட்டியில் ஏற்றியதிலிருந்தே தங்கள் ‘டெபல்’ கறி வந்தது என்பர்.

மாட்டிறைச்சியைப் பற்றி இன்னொரு செய்தியையும் இங்கே குறிப்பிடவேண்டும். இன்று மலேசியச் சந்தைகளில் மாட்டிறைச்சி என்ற பெயரில் விற்பனையாவதில் பெரும் பங்கு, இந்தியாவிலிருந்து உறைநிலையில் கப்பலேறி வரும் எருமை இறைச்சியே. கறி என்ற சொல் சென்ற கடல்வழியில் இப்போது கறியே வந்துகொண்டிருக்கிறது.

பால்மரமும் பெரட்டும்

நகரத்தை விட்டுத் தோட்டப்புறம் செல்வோம். மலாயாவின் முதல் வணிகமுறை ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் தோன்றியது. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்ற சீனப் பெருமகனார் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் அதனைப் பெருக்கினார். அதன்பின் எழுந்த தோட்டங்களுக்குக் கங்காணிமார் வழியாகத் தமிழ்நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர்.

கிராமத்தில் உழவன் வெயிலையும் மழையையும் பார்த்து வேலை செய்தான். தோட்டத்திலோ மணியடித்தது. விடியுமுன் நடக்கும் ஆள்கணக்குக்குப் ‘பெரட்டு’ என்று பெயர். ‘பரேடு’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தொழிலாளர் தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்டனர். அவ்வளவு சீக்கிரம் எதற்கு? வெயில் ஏறினால் மரத்தின் இலைகள் நீரை அதிகமாக வெளியிடும். அதனால் பாற்குழாய்களில் உள்ள அழுத்தம் குறைந்து பால் சுரப்பதும் குறையும். ஆகவே குளிர்ந்த வேளையிலேயே பட்டையைச் சீவவேண்டும். மரத்தின் இயல்பு மனிதனின் சமையல் நேரத்தைத் தீர்மானித்தது.

இந்தக் கணக்கில் மிகுதியாக நெருக்குண்டவர்கள் பெண்கள். ஆண்களைப் போலவே அவர்களும் மரம் சீவினர், புல் வெட்டினர். அதற்குமுன் எழுந்து சோறாக்கிக் கட்டவேண்டும். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விடவேண்டும். திரும்பி வந்தபின் தண்ணீர் எடுத்து, துணி துவைத்து, விறகு சேர்த்து இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டவேண்டும். லயத்து வீட்டில் அடுப்புக்கு இடம் சிறிது. ஒரு பக்கம் சோற்றுப் பானை ஏறினால் மறுபக்கம் ஒரு குவாலிக்கே இடமிருக்கும். நான்கு வகைக் கறி வைக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை, விறகும் இல்லை. எனவே ‘பிரட்டல்’ பிறந்தது: ஒரே குவாலியில் வெங்காயம், மிளகாய், கிடைத்த காய், கிடைத்த மச்சம். பாட்டிமாரின் பொறுமைச் சமையல் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் உரியது. அன்றாடம் அவர்கள் செய்தது நாம் செய்யும் அவசரச் சமையலையே.

தகரத்தில் வந்த இறைச்சி

ஆட்டிறைச்சி பண்டிகைப் பொருள். மாட்டிறைச்சி பலருக்கு விலக்கு. அப்படியாயின் லயத்துக் குவாலியில் கொத்திறைச்சியின் இடத்தை நிரப்பியது எது? நெத்திலியும் கருவாடும் ஒரு பாதி. தகர டப்பாவில் அடைத்த சார்டின் மீன் மறுபாதி. 1892-இல் அல்ஃபிரெட் குளூவே என்னும் பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனத்தின் சேவற் சின்னம் போட்ட சார்டின் டின் மலாயா முழுவதும் பரவியது. எழுத்தறியாதவரும் சேவலைக் காட்டி வாங்கலாம். சார்டினுக்கு முள் எடுக்கவேண்டா, வேகவைக்கவேண்டா. வெங்காயமும் உருளைக்கிழங்கும் வதங்கியபின் அதைக் கொட்டி உதிர்த்தால் கொத்துக்கறி போலவே ஆகிவிடும். மேலைநாட்டு வீட்டில் கொத்திய மாட்டிறைச்சி செய்யும் வேலையை நம் வீட்டில் சார்டின் செய்தது.

இடையில் வந்த கொடிய ஆண்டுகளையும் மறக்கலாகாது. 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில் அயல்நாட்டு அரிசி வரத்துக் குன்றியது. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எஞ்சியோரைக் காத்தது மரவள்ளிக் கிழங்கு. ரப்பருக்கு முன்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், மலாக்காவின் பெரும் பயிராக இருந்ததும் இந்த மரவள்ளியே. அன்று ஏற்றுமதிக்காக விளைந்த கிழங்கு, போர்க்காலத்தில் கீரையோடு ஒரே சட்டியில் வெந்து உயிரைப் பிடித்து நிறுத்தியது.

போர் முடிந்து மூன்றாண்டில், 1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு செல்லாதபடி தடுக்க 1951 முதல் கடுமையான உணவுக் கட்டுப்பாடுகள் வந்தன. அரிசிக்குப் பங்கீடு, உணவுப் பொருளைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுபோகத் தடை. இவற்றோடு மற்றொரு விதியும் இருந்தது: கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே தகரத்தில் ஓட்டை போட்டுத் தரவேண்டும்! ஓட்டை விழுந்த டின் நாளைக்குத் தாங்காது. காட்டுக்கு அனுப்பவும் பயன்படாது. வாங்கிய அன்றே சமைத்தாக வேண்டும். 1950-களின் நடுவில் சில பகுதிகளில் அரிசியைத் தனித்தனி வீடுகளில் சமைக்கவும் விடாமல், பொது அடுக்களையில் வேகவைத்துச் சோறாகவே கொடுத்தனர். அவசரச் சமையல் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான காலம் உண்டா?

இக்கட்டுப்பாடுகள் முதன்முதலில் தளர்ந்த இடமும் மலாக்காவே. 1953 செப்டம்பர் 3-ஆம் நாள், ஹைகமிஷனர் டெம்பிளரின் ஆட்சியில், மலாக்காக் கரையோரப் பகுதி நாட்டின் முதல் ‘வெண்பகுதி’யாக அறிவிக்கப்பட்டது. அங்கே உணவுத் தடைகள் நீங்கின. ஓட்டையில்லாத டின்னை வீட்டுக்கு எடுத்துச்சென்று, விரும்பிய நாளில் திறக்கும் உரிமை திரும்பியது. அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிவுற்றது.

சட்டியின் சூட்சுமம்

இச்சமையலில் அறிவு இல்லை என்று எண்ணுவதும் தவறு. இறைச்சியைக் கொத்தும்போது அதன் மேற்பரப்பு பன்மடங்கு பெருகுகிறது. வெப்பம் கடக்கவேண்டிய தூரமோ சுருங்குகிறது. ஒரு மணி நேரம் வேகவேண்டிய கெட்டித் துண்டு பத்து நிமிடத்தில் வெந்துவிடும். மிச்சமாவது விறகும் நேரமும். ஆனால் ஓர் எச்சரிக்கை: முழுத் துண்டின் மேற்புறத்தில் மட்டும் இருக்கும் நுண்ணுயிர்கள், கொத்தும்போது உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன. ஆகவே கொத்திறைச்சி சிவப்பு மாறினால் போதும் என்று விடலாகாது. உள்வெப்பம் மாடு, ஆட்டு இறைச்சியாயின் 71 டிகிரி செல்சியசையும், கோழியாயின் 74 டிகிரியையும் எட்டும்படி நன்கு வேகவேண்டும்.

முறையும் எளிது. நால்வருக்கு 400 கிராம் கொத்திறைச்சி போதும். அது மாடோ ஆடோ கோழியோ அவரவர் நெறிப்படி. குவாலி நன்றாகக் காய்ந்தபின் இறைச்சியைப் பரப்பி, சிறிது நேரம் கிளறாமல் விடவேண்டும். உடனே கிளறினால் நீர் விட்டு வேகுமேயன்றிச் சிவக்காது. சிவந்தால்தான் மணம் பிறக்கும். பிறகு வெங்காயம், இஞ்சி, பூண்டு, மசாலைத் தூள். அடுத்து உருளைக்கிழங்கு போன்ற கெட்டிக் காய்களைச் சிறிதாக நறுக்கியிட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடவேண்டும். அவை வெந்தபின் பயற்றங்காய். கடைசியில் சாவிக் கீரை. எது மெதுவாக வேகுமோ அது முந்தவேண்டும். எது விரைவாக வாடுமோ அது பிந்தவேண்டும். ஒரு சட்டிச் சமையலின் இலக்கணம் இவ்வளவே.

இன்று மலாக்காத் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் இடம்விட்டன. பெரட்டுக் களத்து மணி ஓய்ந்தாலும், தொழிற்சாலை வேலை முடிந்து வரும் மகளுக்கும் மருமகளுக்கும் மாலையில் கிடைப்பது அதே அரை மணி நேரந்தான். அவர்கள் ஒரு சட்டியில் சமைப்பதைச் சோம்பல் என்று சொல்லுமுன், அந்தச் சட்டியைக் காலத்துக்கேற்ப வகுத்துத் தந்தவர்கள் அவர்களுடைய பாட்டிமாரே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மன்னர் விருந்துகளை எழுதிவைத்த வரலாறு லயத்து அடுப்பையும் எழுதட்டும். பெரட்டையும் பங்கீட்டையும் ஓட்டை டின்னையும் கண்ட முதியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்கள் சொல்லும் சமையல் முறைகளை இன்றே கேட்டு எழுதிவைப்பது நம் கடமை.