துணியில் தைத்த தாய்

துணியால் தைத்த அந்தக் குழந்தைப் பொம்மையின் வாய் திறந்தே இருக்கும். உள்ளே நாக்கும் உண்டு. இரண்டு விரல்களை ஐந்து சென்டிமீட்டர் ஆழம் வரை நுழைக்கலாம். பொம்மைக்கு எதற்கு இவ்வளவு ஆழமான வாய்?

கால் முதலில் வரும் பிரசவத்தில் உடலெல்லாம் வெளியே வந்த பிறகு தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்வதுண்டு. பதறி இழுத்தால் கழுத்து முறியும். தயங்கி நின்றால் மூச்சு நிற்கும். மருத்துவச்சி பிள்ளையின் வாயில் விரல் கொடுத்து, முகவாயை நெஞ்சோடு சேர்த்துத் தாழ்த்தி, தலையைப் பக்குவமாக வெளியே எடுக்க வேண்டும். கண்ணுக்கு எட்டாத இடத்தில் விரல்தான் பார்க்க வேண்டும். விரலுக்கு அந்தப் பார்வையைப் பழக்கவே 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ஒரு பெண் இந்தப் பொம்மையைச் செய்தார்.

அவர் பெயர் அஞ்செலிக் மார்கரித் து கூத்ரே. பாரிஸில் தொழில் கற்றுத் தேறிய மருத்துவச்சி. ஒவேர்ஞ் பகுதிக்குப் போனபோது, பயிற்சியில்லாத கைகளில் தாய்மார்கள் உடல் சிதைவதையும் பிள்ளைகள் சாவதையும் கண்டார். கற்பிக்கலாம் என்றால், எதிரே உட்கார்ந்த கிராமத்துப் பெண்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. தொட்டுப் பார்க்கும்படியான பாடம் வேண்டும் என்று முடிவெடுத்தார்.

இடுப்பு முதல் தொடை வரை ஆளளவில் ஒரு தாயின் உடலைத் துணியாலும் தோலாலும் தைத்தார். பிறப்பு வழி விரிவதைக் காட்ட நாடாக்களும் கயிறுகளும். குழந்தைக்குத் தைத்த காது, மூக்கு, மையால் வரைந்த முடி. இரட்டைப் பிள்ளைகளும் உண்டு. பிறகு, சிவப்பு நீரிலும் தெளிநீரிலும் தோய்த்த கடற்பஞ்சுகளை வைத்து, வேண்டிய நேரத்தில் ரத்தமும் பனிக்குட நீரும் வழியச் செய்தார். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. உறுப்புகள் எங்கே இருக்கின்றன என்பதைப் படமே காட்டிவிடும். திடீரென்று ரத்தம் கொட்டும்போது கை என்ன செய்யும் என்பதைப் படத்தால் காட்ட முடியாது.

1759இல் அவருடைய பிரசவ நூல் வெளிவந்தது. நாட்டில் மக்கள்தொகை குறைகிறதே என்ற கவலையும் அப்போது அரசுக்கு இருந்தது. அதே ஆண்டு மன்னர் 15ஆம் லூயி, மாகாணம் மாகாணமாகப் போய்க் கற்பிக்க அவருக்கு ஆணை கொடுத்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஊர் ஊராகச் சுற்றினார். ஓர் ஊரில் சுமார் இரண்டு மாதப் பயிற்சி. பெண்கள் ஒவ்வொருவராக வந்து பொம்மையில் பிரசவம் பார்த்துப் பழக வேண்டும். அவரிடம் நேரடியாகக் கற்றவர்கள் 4,000க்கு மேல் இருப்பார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அறுவை மருத்துவர்களும் அவரிடம் கற்றார்கள்; அவர் புறப்பட்டுப் போன பிறகு அந்த ஊரில் பாடம் தொடரவேண்டுமே.

அப்படி ஊருக்கு ஊர் போன பொம்மைகளில் ஒன்று மட்டும் ரூவன் நகர மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது உள்ளே நிஜமான இடுப்பெலும்பு தெரிந்தது. எலும்பின் குறுகலை விரல் உணர வேண்டும் என்று எவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்!

இன்று நார்வேயின் லேர்டால் நிறுவனம் செய்யும் மாமாநாட்டலி என்ற பிரசவப் பயிற்சிப் பொம்மையும் இந்த வழியில் வந்ததே. இதைப் பயிற்றுநர் தம் வயிற்றில் கட்டிக்கொள்கிறார். மறைவில் தம் கையால் பிள்ளையைத் தள்ளுகிறார், ரத்தத்தைத் திறந்துவிடுகிறார், கருப்பையைத் தளர்த்துகிறார், இறுக்குகிறார். து கூத்ரேயின் துணித்தாயால் பேச முடியாது. இந்தத் தாய் பயிற்றுநரின் குரலில் வலியில் கத்துவாள், ‘பிள்ளை ஏன் அழவில்லை?’ என்று கேட்பாள். மாணவி அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வயிற்றைத் தேய்க்க வேண்டும், மருந்து கேட்க வேண்டும், துணைக்கு ஆளைக் கூப்பிட வேண்டும். சரியாகத் தேய்த்தால்தான் பயிற்றுநர் கருப்பையை இறுக்கி ரத்தத்தை நிறுத்துவார்.