அங்கோரைக் கண்டவரும் கண்டுபிடித்தவரும்

ஒரு நாட்டின் வரலாற்றினை அறிதற்குரிய மூலங்கள் பல. அரசர் பொறிப்பித்த சாசனங்களும், அவர் எடுப்பித்த கோயில்களும், வமிச வரலாறுகளும் அவற்றுட் சில. இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவை பிறநாட்டுப் பயணிகள் எழுதிவைத்த குறிப்புக்களாகும். சந்தையிலே யார் விற்றனர், ஏழையின் வீடு எதனால் வேயப்பட்டது, துறவி ஒரு நாளைக்கு எத்தனை முறை உண்டார் என்பனவற்றை அரசர் கல்லில் வெட்டுவதில்லை. அவற்றைப் பயணியே எழுதுகின்றான். ஆயின் அவன் கண்டதற்கும் கருதியதற்கும் உள்ள வேறுபாட்டினை ஆராயாது ஏற்பின் வரலாறு திரிபடையும். இவ்வுண்மைக்குக் கம்போடியாவிலுள்ள அங்கோர் நகரின் கதை சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

1860 ஆம் ஆண்டிலே ஹென்றி மூகோ என்னும் பிரஞ்சுக்காரர், காடு மூடிக் கிடந்து உலகத்தாரால் மறக்கப்பட்ட அங்கோரைக் கண்டுபிடித்தார் என்பது நெடுங்காலமாகப் பாட நூல்களிலும் பயண நூல்களிலும் சொல்லப்பட்டு வந்த செய்தி. இக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பதை, அவருக்கு முன் அங்கு சென்றோர் விட்டுச்சென்ற சான்றுகளைக் கொண்டே தெளியலாம்.

நகரும் கோயிலும்

அங்கோர் என்பது நகரம் என்னும் வடசொல்லின் திரிபு. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டுப் பதினைந்தாம் நூற்றாண்டு வரை, சிறு இடையீடுகளோடு, அது கெமர் அரசின் தலைநகராய் விளங்கிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியிலே இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கென எடுப்பித்த பெருங்கோயிலே இன்று அங்கோர் வாட் என வழங்குகின்றது. அதனைச் சூழ்ந்த அகழியின் அகலம் ஏறக்குறைய 190 மீற்றர். நடுக் கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 65 மீற்றர். 1181 இல் அரசுகட்டில் ஏறிய ஏழாம் சயவர்மன் மகாயான பௌத்தன். அங்கோர் தொம் என்னும் மதில் சூழ்ந்த நகரையும், அதன் நடுவே பல முகங்களையுடைய பாயோன் கோயிலையும் அமைத்தவன் அவனே.

பின்னர் அந்நாட்டு மக்களிடையே தேரவாத பௌத்தம் பரவிற்று. இதற்கும் இலங்கைக்கும் தொடர்புண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையிலே உபசம்பதை பெற்றுப் பர்மாவுக்குச் சென்ற துறவியருள் காம்போச மன்னன் மைந்தராகிய தாமலிந்தர் ஒருவர் எனவும், காஞ்சிபுரத்து ஆனந்தர் மற்றொருவர் எனவும் பர்மாவிலுள்ள கல்யாணிச் சாசனம் கூறுகின்றது. திருமால் கோயிலாய் எழுந்த அங்கோர் வாட் காலப்போக்கிற் புத்தர் வழிபாட்டுக்குரிய இடமாயிற்று. அது அழியாது நின்றமைக்கு இம்மாற்றமே முதற் காரணம் எனலாம்.

சீனர் ஒருவரின் சாட்சி

சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசன் தெமூர் கான் அனுப்பிய தூதுக் குழுவோடு சூ தாகுவான் என்பவர் 1296 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அங்கோரை அடைந்தார். 1297 ஆம் ஆண்டு யூலை வரை அங்குத் தங்கிய அவர், நாடு திரும்பிய பின் தாம் கண்டவற்றை ஒரு சிறு நூலாக எழுதினார். நகரில் வாணிகம் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது எனவும், கடைவீடுகள் இல்லாமையால் அவர்கள் நிலத்திலே பாய் விரித்து விற்றனர் எனவும், சந்தை காலையில் தொடங்கி நண்பகலில் முடிந்தது எனவும் அவர் எழுதுகின்றார். பொதுமக்கள் வீடுகளுக்குக் கூரை புல்லே. ஓடு வேய அவர்க்கு உரிமையில்லை. தலையை மழித்து, மஞ்சள் ஆடை தரித்து, வலத்தோள் திறந்திருக்க, நாளுக்கு ஒருவேளை உண்டு, ஓலைச் சுவடியைப் படிக்கும் துறவியரையும் அவர் காட்டுகின்றார். வேறொரு கூட்டத்தார் ஒரு கல்லை மாத்திரம் வழிபட்டனர் என்பது அவர் தரும் மற்றொரு செய்தி. அக்கல் இலிங்கமென்றும், அக்கூட்டத்தார் சைவர் என்றும் ஆராய்ச்சியாளர் கொள்வர்.

இக்குறிப்பின் நம்பகத்தன்மையைச் சாசனத்தோடு ஒப்பிட்டும் அறியலாம். பெருவழிகளிலே பயணிகள் இளைப்பாறும் மனைகள் இருந்தன என்று சூ தாகுவான் கூறுகின்றார். சயவர்மனது 1191 ஆம் ஆண்டுப் பிரா கான் சாசனமோ அத்தகைய தங்குமனைகள் 121 இருந்தன எனக் கணக்கிடுகின்றது. அவற்றுள் 57 சம்பா நாட்டுக்குச் செல்லும் வழியிலும், 17 இன்று தாய்லாந்திலுள்ள பிமாய்க்குச் செல்லும் வழியிலும் இருந்தன. கல்லும் ஏடும் இங்கே ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன.

ஆயின் இதே சீனர், அங்கோர் வாட்டைத் தம் நாட்டுப் பழங்கதையில் வரும் தச்சன் லூ பானின் சமாதி என்று குறித்தார். கண்டதை எழுதியவரை அவர் எழுத்து உயர்த்துகின்றது. கேட்டதையும் கருதியதையும் எழுதிய இடத்திலே அவரும் தவறினார்.

மறக்கப்படாத நகர்

1431 ஐ அண்டிய காலத்தில் அயோத்தியாவின் சீயப் படைகள் அங்கோரைக் கைப்பற்றின. கெமர் அரசரின் இருக்கை தெற்கே நகர்ந்தது. இதன்பின் காடு நகரை விழுங்கிற்று என்பர். மதிலகத்துட் பெரும்பகுதிக்கு இது பொருந்தும். அங்கோர் வாட்டுக்குப் பொருந்தாது. அக்கோயிலின் வடகீழ்ப் புறத்துச் சிற்பத் தொகுதிகள் பதினாறாம் நூற்றாண்டிலேதான் செதுக்கி முடிக்கப்பட்டன. 1577 இல் அரசனின் தாயார் ஒருவர், தம் மகன் அக்கோயிலைப் புதுப்பித்தமை கண்டு மகிழ்ந்து அங்கே சாசனம் பொறிப்பித்தார். மறக்கப்பட்ட கோயிலுக்கு எவரும் திருப்பணி செய்வதில்லை.

பிறநாட்டாரும் வந்துகொண்டேயிருந்தனர்.  1580 களின் நடுப்பகுதியிலே போர்த்துக்கேயத் துறவி அந்தோனியோ த மதலேனா அங்கோரைக் கண்டு, வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோவுக்கு அதனை எடுத்துரைத்தார். ரிபதெனெய்ரா என்னும் இசுப்பானியத் துறவி 1601 இல் வெளியிட்ட நூலில் இவ்வழிந்த நகரைக் குறிப்பிட்டு, அதனை அமைத்தவர் உரோமர் என்றோ அலெக்சாந்தர் என்றோ சிலர் கருதினர் என எழுதினார். 1632 இல் மொரிமோத்தோ உக்கொன்தாயு என்னும் யப்பானியர் கடல் கடந்து வந்து, புத்தர் படிமங்கள் நான்கினைக் காணிக்கையாக்கி, அச்செய்தியை அங்கோர் வாட்டின் தூணொன்றிலே எழுதினார். அக்காலத்து யப்பானியர் இக்கோயிலை, புத்தர் பெருமான் வசித்த சேதவன விகாரை என்றே நம்பினர்.

இவற்றிலே ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. சீனர் சீனத் தச்சனைக் கண்டனர்; ஐரோப்பியர் அலெக்சாந்தரைக் கண்டனர்; யப்பானியர் சேதவனத்தைக் கண்டனர். ஒவ்வொருவரும் தத்தம் நாட்டு நினைவினையே அக்கல்லின்மீது ஏற்றினர். சாசனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே படிக்கப்பட்ட பின்னரே அதனை எடுப்பித்த கெமர் மன்னரின் பெயர்களும் காலங்களும் தெளிவாயின.

மூகோவும் அவர் புகழும்

1850 இல் சார்ள்ஸ் எமில் புய்வோ என்னும் பிரஞ்சு மதகுரு அங்கோரைக் கண்டு, 1858 இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். சூ தாகுவானின் நூல் 1819 இலேயே பிரஞ்சு மொழியிற் பெயர்க்கப்பட்டிருந்தது. ஆகவே 1860 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூகோ அங்கு சென்றபோது அது உள்நாட்டாருக்கு மட்டுமன்றி ஐரோப்பியருக்கும் புதிய செய்தியன்று. பெரும் ஏரியைக் கடந்து பட்டம்பாங்கினை அடைந்த அவருக்கு, அங்கிருந்த மதகுரு ஒருவர் அங்கோர் வரை உடன் சென்று வழிகாட்டினார்.

இதனால் மூகோவின் பெருமை குன்றாது. இயற்கை நூல் வல்லவராகிய அவர் சில ஏவலாளரோடு, காட்டு வழியே மாட்டுவண்டியிலும் ஓடத்திலும் யானைமீதும் பயணஞ் செய்து, அளந்தும் வரைந்தும் நாட்குறிப்பு எழுதினார். 1861 நவம்பர் 10 இல் லாவோசிலுள்ள லுவாங் பிரபாங் அருகே காய்ச்சலால் இறந்தார். அந்நாட்குறிப்பு அழியாது பாங்கொக் சேர்ந்தமைக்குக் காரணர் அவருடைய ஏவலாளராகிய பிராயும் தெங்கும் ஆவர். கண்டுபிடித்தார் என்ற பட்டம் அவர் இறந்தபின் பிறர் சூட்டியது. அவர் குறிப்புக்கள் பரிசில் அச்சேறத் தொடங்கிய 1863 ஆம் ஆண்டே கம்போடியா பிரஞ்சுப் பாதுகாப்பின்கீழ் வந்த ஆண்டு. உரியவர் மறந்ததைத் தாம் மீட்டோம் என்னும் கதை ஆள வந்தோர்க்குப் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சித்திரங்கள் அங்கோர் வாட்டின் முன்னே துறவியர் குடில்களைக் காட்டுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரஞ்சு அதிகாரிகள் தோற்றப் பொலிவு கருதி அவற்றை முன்றிலிலிருந்து அகற்றினர். மறதிக் கதைக்கு மாறான கண்கூடான சான்றும் இவ்வாறு மறைந்தது.

கண்டுபிடித்தவன் உரிமையாளனும் ஆவான் என்னும் எண்ணம் மேலும் ஒரு தீங்கினை விளைத்தது. 1923 இல் ஆந்திரே மல்ரோ என்னும் இளம் பிரஞ்சு எழுத்தாளர் பந்தியாய் சிரே கோயிலின் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்று கைதானார். 1924 இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. மேன்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. அவரே பின்னாளிற் பிரான்சின் பண்பாட்டமைச்சராயினார். காட்டிலே கிடப்பது எவர்க்கும் உரியதன்று என்னும் எண்ணம் கற்றவரையும் களவுக்கு இழுத்தது.

முடிவுரை

1970 இல் மூண்ட போர் அங்கோருக்குச் செல்லும் வழியை அடைத்தது. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூச் ஆட்சியிலே பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. 1992 இல் அங்கோர் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டிலே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் அதனைக் கண்டு சென்றனர். தூதுவரும் துறவியரும் மாதக்கணக்கிற் பயணஞ் செய்து அடைந்த இடத்தினை இன்று எவரும் தாமே சில மணி நேரத்தில் அடையலாம்.

வழி எளிதாயினும் பயணியின் கடமை எளிதாகவில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சந்தைப் பெண்களின் பாயையும் வழிப்போக்கரின் தங்குமனையையும் உள்ளவாறு எழுதிய சூ தாகுவானின் சொல்லை இன்றும் வரலாற்றாசிரியர் நாடுகின்றனர். லூ பான் சமாதியை நாடுவார் எவருமிலர். பிறநாட்டுக்குச் செல்லும் மாணவன் கண்டதைக் கண்டவாறு குறித்தலும், அறியாததை அந்நாட்டு மக்களிடமும் அவர்தம் சாசனங்களிடமும் கேட்டறிதலும் வேண்டும். அவன் வருமுன்னும் அங்கே விளக்கேற்றி வழிபட்டோர் இருந்தனர் என்பதை மறவாதிருத்தலே அக்கல்விக்கு முதற்படியாகும்.