பெரெண்டியும் படப்பெட்டியும்

இரண்டரை மீட்டர் நீளம் வரை வளரும் ஒரு பிராணி, நிழலுக்கு மரமும் அரிதான வெட்டவெளியில் மனிதர் கண்ணில் படாமலே காலந்தள்ளிவிடும் என்றால் நம்புவது கடினந்தான். ஆயினும் ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய உடும்பாகிய பெரெண்டியின் சுபாவம் அதுவே. பிரிட்டிஷ் மியூசியத்து விலங்கியல் அறிஞர் ஜான் எட்வர்டு கிரே 1845-இல் அதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டியது, லண்டனுக்கு வந்துசேர்ந்த உயிரற்ற உடலைப் பார்த்துத்தான்.

1894 மே மாதம் ஊட்னடாட்டாவிலிருந்து மத்திய ஆஸ்திரேலியாவை ஆராய ஒட்டகங்களுடன் புறப்பட்ட ஹார்ன் ஆராய்ச்சிக் குழுவில், மெல்பர்ன் சர்வகலாசாலைப் பேராசிரியர் பால்ட்வின் ஸ்பென்ஸர், பிராணிகளைச் சேகரிப்பதோடு படமெடுக்கும் பணியையும் ஏற்றிருந்தார். மலைகளும் பள்ளத்தாக்குகளும் அவருடைய கண்ணாடித் தகடுகளில் செம்மையாகப் பதிந்தன. ஆனால் அக்குழு சஞ்சரித்த மே முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்கள் அங்கே குளிர்காலம். பெரெண்டி வளைக்குள் முடங்கிக் கிடக்கும் பருவமும் அதுவே.

கோடையிலே சென்றிருந்தாலும் அந்நாளைய யந்திரத்தால் என்ன செய்திருக்க முடியும்? முக்காலியை மணலில் ஊன்றி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைத் துலக்கமாக்கி, பிறகு தகட்டுச் சட்டத்தைச் செருகி, அதன் மூடியை உருவி, லென்ஸைத் திறப்பதற்குள், பிளவுபட்ட நாக்கை இருமுறை நீட்டி வாடையறிந்த பெரெண்டி பாறை இடுக்கில் புகுந்திருக்கும்.

ஸ்பென்ஸரின் நண்பரும், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தந்தி நிலைய அதிகாரியும், தாமே படமெடுப்பவருமான பிரான்சிஸ் கில்லனின் பெயரை 1895-இல் முல்கா மரப்பட்டைக்கடியில் ஒண்டும் சிற்றுடும்பு ஒன்றுக்கும், ஸ்பென்ஸரின் பெயரை 1903-இல் கரிசல் வெடிப்புகளில் வாழும் பேருடும்புக்கும் லூகாஸ், பிராஸ்ட் என்ற இரு அறிஞர் சூட்டினர். படம்பிடித்த இருவருக்கும் உடும்புகளே நினைவுச்சின்னமானது பொருத்தந்தான். ஆனால் மணலில் பதிந்த காலடிகளையும், அவற்றினிடையே வளைந்து நெளியும் வாலின் கோட்டையும் பார்த்தே, போனது எந்த இனம், எத்தனை நேரத்துக்கு முன், எந்த வளைக்கு என்று சொல்லவல்ல, அவ்வட்டாரத்து ஆதிகுடிகளான அரர்ண்டா மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, தோண்டியெடுத்துத் தந்த பிராணிகள் இல்லாமல் அச்சேகரிப்பு நிறைவேறியிராது. அவர்களில் ஒருவர் பெயரும் எந்த உடும்புக்கும் வாய்க்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பிற்காலத்தில் வேகமான பிலிம் சுருளும், 1935-இல் கோடக்ரோம் வர்ணமும், தொலைவை அருகாக்கும் நீண்ட லென்ஸும் வந்தன; 1987-இல் கண்டத்தின் நடுவே செல்லும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுவதும் தார் பூசப்பட்டது. இவற்றால் படங்கள் பெருகின என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1966 முதல் ஆஸ்திரேலியப் பாலைகளில் பல்லியினங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எரிக் பியாங்காவுக்குங்கூட, பெரெண்டியின் போக்குவரத்தைக் கற்பித்தவற்றுள் முதன்மையானது மணல்தடமே. இன்றும் அதன் படத்தை நாடுவோர், குளிர்காலத்தை விலக்கி, விடியலில் புதுத்தடம் தேடி, அது சென்று மறைந்த வளைக்குக் காற்றெதிரே நெடுந்தொலைவில் அமர்ந்து, வெயில் ஏறும்வரை அசையாமல் காத்திருக்கிறார்கள்.